அமெரிக்காவுல அபார்ட்மென்ட் எடுக்க கிரெடிட் ஸ்கோர்: ஸ்கோர் இருக்கறவங்க, இல்லாதவங்க, கெட்டுப்போனவங்க என்ன பண்ணணும்

ஸ்கோர் இல்லாம இருக்கறது வேற, ஸ்கோர் கெட்டுப்போயிருக்கறது வேற. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர்லருந்து புதுசா வர்ற நெறைய பேர் ரெண்டும் ஒண்ணுனு நெனச்சு பயந்துபோய் கேக்கற பணத்தையெல்லாம் குடுத்துட்டு கெடச்ச எடத்துல கையெழுத்து போட்டுடறாங்க. நான் வந்த புதுசுல கையில ஆஃபர் லெட்டர், பேங்க்ல மூணு மாச வாடகைக்கு பணம், எல்லாத்தையும் வச்சுக்கிட்டு ஒரு காம்ப்ளெக்ஸ்ல அப்ளை பண்ணேன், 75 டாலர் ஃபீ கட்டினேன், ரெண்டு நாள்ல ரிஜெக்ட்னு மெயில் வந்துச்சு. அதே ரோட்டுல அடுத்த காம்ப்ளெக்ஸுக்கு அதே பேப்பர எடுத்துட்டு போனேன், ஒரு மாச வாடகை கூடுதலா டெபாசிட் கேட்டாங்க, அன்னைக்கு சாயங்காலமே அப்ரூவ் ஆயிடுச்சு. நான் மாறல, என் சம்பளம் மாறல. மொத எடத்துல கிரெடிட் ஹிஸ்டரி இல்லனா நேரா ரிஜெக்ட்னு ரூல், ரெண்டாவது எடத்துல ஹிஸ்டரி இல்லனா டெபாசிட் கூட வாங்கிக்கோனு ரூல், அவ்வளவுதான். ஃபீ கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த 75 டாலரும் ரெண்டு நாள் தூக்கமும் மிச்சம். அந்த கேள்வி என்ன, எப்படி கேக்கணும், பதில் சரியா வரலனா என்ன பண்ணணும்ங்கறதுதான் இதுல முக்கியம்.

அவங்க உண்மையில எத பாக்கறாங்க

லீஸிங் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு உங்க ஸ்கோர் மேல தனியா ஆசை ஒண்ணும் இல்ல, மாசம் ஒண்ணாம் தேதி வாடகை வருமா, போகும்போது வீட்ட ஒழுங்கா விட்டுட்டு போவாங்களா, இது ரெண்டுதான் தெரியணும். அதுக்கு மூணு விஷயம் பாக்கறாங்க: வருமானம், கிரெடிட், இதுக்கு முன்னாடி வாடகைக்கு இருந்த வரலாறு. வருமானத்துக்கு பெரும்பாலான எடத்துல மாச வாடகையப்போல மூணு மடங்கு, அதுவும் டாக்ஸ் பிடிக்கறதுக்கு முன்னாடி உள்ள சம்பளம். 2,000 டாலர் வீடுனா மாசம் 6,000 வரணும். நியூயார்க் சிட்டில கணக்கு வேற மாதிரி, வருஷ சம்பளம் மாச வாடகைய விட 40 மடங்கு இருக்கணும்னு கேப்பாங்க, அதே 2,000 டாலர் வீட்டுக்கு 80,000. இல்லனா கேரண்டர் வேணும், அதாவது நீங்க கட்டலனா நான் கட்டறேன்னு கையெழுத்து போடற ஆள், அந்த கேரண்டருக்கு 80 மடங்கு, அதாவது 1,60,000. ஆஃபர் லெட்டர்ல உள்ள தொகைய வச்சு இத நீங்களே முன்னாடி போட்டு பாத்துடுங்க, வருமானம் பத்தலனா ஸ்கோர் 800 இருந்தாலும் அங்க நடக்காது.

இப்ப ஸ்கோர். இங்க பரவலா பாக்கற கிரெடிட் ஸ்கோர் பேர் ஃபைகோ, அது 300லருந்து 850 வரைக்கும். 670க்கு மேல நல்லதுனு கணக்கு, 740க்கு மேல ரொம்ப நல்லது, 580க்கு கீழ மோசம். வீட்டுக்கு இவ்வளவு இருந்தே ஆகணும்னு நாடு முழுக்க ஒரே நம்பர் எதுவும் கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு ஒரு கோடு போட்டு வச்சிருக்கும், 600, 620, 650 இந்த மாதிரி. அந்த கோட்டுக்கு மேல போயிட்டீங்கனா 680க்கும் 780க்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, வீட்டு லோன் மாதிரி வட்டி கொறையறதெல்லாம் இங்க இல்ல. அதனால ஸ்கோர் 700 தாண்டி இருக்கறவங்க இன்னும் ஏத்திட்டு அப்ளை பண்ணலாம்னு காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்னு, உங்க ஃபோன் ஆப்ல தெரியற ஸ்கோரும் அவங்க பாக்கற ஸ்கோரும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன்னு மூணு பியூரோ இருக்கு, நம்ம கடன் விவரத்த சேத்து வைக்கற கம்பெனிங்க, மூணுலயும் இருக்கற விவரம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஸ்கோர் போடற மாடலும் ஃபைகோ, வான்டேஜ்ஸ்கோர்னு பல விதம். அதுக்கு மேல வாடகைக்குனே தனியா ஸ்கோர் இருக்கு, ட்ரான்ஸ்யூனியன் ரெசிடென்ட்ஸ்கோர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அது 350லருந்து 850 வரைக்கும். அதனால "என் ஆப்ல 690 காட்டுது, நீங்க எப்படி 655ங்கறீங்க"னு அங்க போய் சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, எந்த பியூரோ, எந்த ஸ்கோர்னு கேளுங்க, அது உபயோகப்படும்.

கிரெடிட் ரிப்போர்ட்ல வர்றது ஒண்ணு, டெனன்ட் ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்ல, அதாவது வாடகைக்கு வர்றவங்கள பத்தி தனியா எடுக்கற ரிப்போர்ட்ல, வர்றது இன்னொண்ணு, இது நெறைய பேருக்கு தெரியறதில்ல. கோர்ட்ல எவிக்ஷன் கேஸ், அதாவது வீட்ட காலி பண்ண வைக்கற கேஸ், போட்டிருந்தா அது கிரெடிட் ரிப்போர்ட்ல வராது, ஆனா ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்ல ஏழு வருஷம் வரைக்கும் வரலாம், கேஸ் தள்ளுபடி ஆகியிருந்தாக்கூட ஃபைல் பண்ண விவரம் வந்து நிக்கறதுண்டு. பழைய அபார்ட்மென்ட்டுக்கு பாக்கி வச்சு அது கலெக்ஷனுக்கு, அதாவது கடன் வசூல் பண்ற கம்பெனிக்கு, போயிருந்தா அது ரெண்டுலயும் வரும். லீஸிங் ஆபீஸ்காரங்க ரொம்ப பயப்படறது இதுக்குத்தான், கார்டுல ஒரு லேட் பேமென்ட் இருந்தா பாதி எடத்துல கண்டுக்க மாட்டாங்க, ஆனா இன்னொரு அபார்ட்மென்ட்டுக்கு 300 டாலர் பாக்கினு ஒரு வரி இருந்தா ஸ்கோர் 720 இருந்தாலும் யோசிப்பாங்க.

ஊர் ஸ்கோர் இங்க செல்லாது, ஆனா ஒரு வழி இருக்கு

சிபில்ல 800 வச்சிருந்தேன், அத காட்டலாமானு கேக்கறவங்க நெறைய. சிபில வச்சிருக்கறதும் ட்ரான்ஸ்யூனியன்தான், ஆனாலும் இங்க உள்ள ஃபைலும் அங்க உள்ள ஃபைலும் ஒண்ணோட ஒண்ணு சேராது. இங்க வந்த அன்னைக்கு நீங்க காலி ஸ்லேட். நோவா கிரெடிட்னு ஒரு கம்பெனி இந்தியா மாதிரி சில நாட்டு கிரெடிட் ஹிஸ்டரிய எடுத்து இங்க புரியற மாதிரி மாத்தி குடுக்குது, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுக்கு 2019லருந்து இது வழியா அப்ளை பண்ண முடியுது. அபார்ட்மென்ட்காரங்க எல்லாரும் இத எடுத்துக்க மாட்டாங்க, ஆனா கேட்டு பாக்கறதுல தப்பே இல்ல, "வெளிநாட்டு கிரெடிட் ரிப்போர்ட் ஏத்துக்குவீங்களா"னு ஒரு வரி மெயில் போதும்.

சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அரசாங்கம் குடுக்கற ஒன்பது இலக்க நம்பர், இன்னும் வரலங்கறதும் புதுசா வந்தவங்க எல்லாருக்கும் வர்ற பிரச்சினை. எஃப்-1ங்கற ஸ்டூடன்ட் விசாவுல வந்தவங்களுக்கு கேம்பஸ் வேலையோ வேற அனுமதிச்ச வேலையோ இருந்தாத்தான் அந்த நம்பரே கெடைக்கும். நம்பர் இல்லாமலே அப்ளிகேஷன் எடுத்துக்கற காம்ப்ளெக்ஸ் நெறைய இருக்கு, பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவான ஐ-94, ஆஃபர் லெட்டர் இல்லனா காலேஜ் குடுக்கற ஐ-20 வச்சு பாத்துக்குவாங்க, ஆனா ஆன்லைன் ஃபார்ம்ல அந்த கட்டத்த காலியா விட்டா அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால ஆன்லைன்ல முட்டி மோதாம நேரா ஆபீஸுக்கு போங்க, இல்ல ஃபோன் பண்ணுங்க. யார் நம்பரையாவது போடறது, ஒன்பது சைபர் போடறதெல்லாம் வேண்டவே வேண்டாம், அப்ளிகேஷன்ல பொய் சொன்னதா ஆகிடும், அப்பறம் எதையும் சரி பண்ண முடியாது.

பேர் விஷயம், நம்மாளுங்களுக்குனே உள்ளது

இத நான் கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா இது பத்தி வேற யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும், இல்லனா அப்பா பேர் சர்நேமா இருக்கும், இல்லனா இனிஷியல விரிச்சு எழுதியிருக்கும். சர்நேம் காலியா இருந்தா விசாவுல உங்க பேர் சர்நேம் எடத்துக்கு போயிடும், பேர் இருக்க வேண்டிய எடத்துல "எஃப்என்யூ"னு அடிச்சிருப்பாங்க, மொதல் பேர் தெரியாதுங்கறதுக்கான குறிப்பு அது. அப்பறம் பேங்க்ல ஒரு மாதிரி, கார்டுல ஒரு மாதிரி, ஆஃபர் லெட்டர்ல ஒரு மாதிரி, லைசென்ஸ்ல வேற ஒரு மாதிரி. பியூரோ கம்ப்யூட்டர் இத ரெண்டு ஆளா நெனச்சு ரெண்டு ஃபைல் போட்டுடும், ஒண்ணுல உங்க ரெண்டு வருஷ கார்டு ஹிஸ்டரி, இன்னொண்ணு காலி. அபார்ட்மென்ட்காரர் தேடும்போது காலி ஃபைல் வந்து நின்னா "நோ ஹிட்", அதாவது உங்க மேல ஒரு பதிவும் இல்லனு வரும். எனக்கு தெரிஞ்ச ஒரு பையனுக்கு 740 ஸ்கோர் இருந்தும் இப்படித்தான் ஹிஸ்டரியே இல்லனு வந்துச்சு, லீஸ் அப்ளிகேஷன்ல பாஸ்போர்ட்ல உள்ள மாதிரி பேர் போட்டிருந்தான், கார்டெல்லாம் வேற மாதிரி.

அதனால வந்த மொத வாரத்துலயே ஒரு எழுத்து முறைய முடிவு பண்ணிக்கோங்க, சோஷியல் செக்யூரிட்டி கார்டுல எப்படி இருக்கோ அதே மாதிரி பேங்க், கார்டு, லைசென்ஸ், லீஸ் எல்லாத்துலயும். ஏற்கனவே கலந்துபோயிருந்தா மூணு பியூரோவுக்கும் தனித்தனியா எழுதி சரி பண்ண சொல்லணும். இன்னொரு பக்கம், செந்தில் குமார், பிரியா ராமசாமி மாதிரி பேரெல்லாம் ஆயிரம் பேருக்கு இருக்கும், அடுத்தவங்க கலெக்ஷன் உங்க ஃபைல்ல வந்து ஒட்டிக்கறதும் நடக்குது. ரிப்போர்ட்ட பாக்கும்போது பழைய அட்ரஸ் பகுதிய கட்டாயம் பாருங்க, நீங்க இருந்தே இராத ஊர் அங்க இருந்தா வேற யாரோ கலந்திருக்காங்கனு அர்த்தம்.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி

வீடு தேடறதுக்கு ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே மூணு ரிப்போர்ட்டையும் எடுத்துடுங்க. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்ங்கற சைட்டுல வாரத்துக்கு ஒரு தடவை இலவசம், முன்னாடி வருஷத்துக்கு ஒண்ணுதான் இருந்துச்சு, கொரோனா சமயத்துல வாராவாரம்னு ஆக்கினாங்க, 2023ல அத நிரந்தரமாக்கிட்டாங்க. நீங்களே எடுத்து பாக்கறதால ஸ்கோர் ஒரு பாயின்ட் கூட கொறையாது. தப்பு இருந்தா அந்த பியூரோ சைட்லயே டிஸ்ப்யூட் போடலாம், பொதுவா 30 நாளுக்குள்ள அவங்க விசாரிக்கணும்னு சட்டம், அதுக்குத்தான் ரெண்டு மாசம்னு சொன்னேன்.

கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது உங்க ரிப்போர்ட்ட புதுசா யாரும் எடுக்க முடியாம பூட்டறது, போட்டு வச்சிருக்கீங்களானு யோசிச்சு பாருங்க. டேட்டா லீக் ஆச்சுனு கம்பெனியிலருந்து லெட்டர் வந்தப்ப பயந்து போட்டுட்டு மறந்திருப்பீங்க. 2018 செப்டம்பர்லருந்து ஃப்ரீஸ் போடறதும் எடுக்கறதும் இலவசம், ஆன்லைன்லயோ ஃபோன்லயோ கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்து விடணும். அப்ளிகேஷன் போடற அன்னைக்கு எந்த பியூரோனு கேட்டு அத மட்டும் ஒரு வாரத்துக்கு தெறந்து வச்சா போதும். இத பண்ணாததால எனக்கே ஒரு தடவை அப்ளிகேஷன் மூணு நாள் நின்னுபோய், பாத்து வச்ச மாடி வீடு வேற ஒருத்தருக்கு போயிடுச்சு.

இப்ப அந்த கேள்வி. ஃபீ கட்டறதுக்கு முன்னாடி, மெயில்ல, எழுத்துல: "உங்க ரென்டல் க்ரைட்டீரியா அனுப்புங்க." பெரிய காம்ப்ளெக்ஸ் எல்லாத்துலயும் ஒரு பேப்பர் வச்சிருப்பாங்க, வருமானம் எவ்வளவு, ஸ்கோர் எவ்வளவு, கிரெடிட் இல்லாதவங்களுக்கு என்ன, எந்த மாதிரி கடன கணக்குல எடுக்க மாட்டாங்க, எல்லாம் அதுல இருக்கும். மெடிக்கல் பில், ஸ்டூடன்ட் லோன் ரெண்டையும் கணக்குல எடுக்காத எடம் நெறைய. டெக்ஸஸ்ல இந்த பேப்பர அப்ளிகேஷனோட சேத்து குடுக்கணும்னு சட்டமே இருக்கு, குடுக்காம உங்கள ரிஜெக்ட் பண்ணா ஃபீய திருப்பி தரணும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் வைக்கணும்ங்கறதும் முக்கியம், 1968 ஃபேர் ஹவுஸிங் சட்டப்படி இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், குழந்தை இருக்கறது, உடல் குறைபாடு இதெல்லாம் வச்சு வேறுபாடு காட்டக்கூடாது. ஸ்கோர் கம்மினு மறுக்கலாம், ஆனா உங்களுக்கு 650, பக்கத்து வீட்டுக்காரருக்கு 600ங்கறது முடியாது.

கூடவே இதையும் கேளுங்க: என் ரிப்போர்ட்ட எடுக்கறது ஸாஃப்ட் புல்லா ஹார்டு புல்லா. ஸாஃப்ட்னா ஸ்கோர்ல ஒண்ணும் ஆகாது. ஹார்டுனா பொதுவா அஞ்சு பாயின்ட்டுக்கும் கம்மியாத்தான் கொறையும், ரிப்போர்ட்ல ரெண்டு வருஷம் இருக்கும், ஃபைகோ கணக்குல ஒரு வருஷம்தான் எடுக்கும். ஒண்ணு ரெண்டுக்கு பயப்பட வேணாம், ஆனா ஒரே வாரத்துல ஆறு எடத்துல ஹார்டு புல் வாங்கறது, அதுவும் ஹிஸ்டரி சின்னதா இருக்கறவங்க, வேண்டாம்.

ஃபீ எவ்வளவுங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் மாநிலத்துல 20 டாலருக்கு மேல வாங்கக்கூடாது, கடைசி 30 நாளுக்குள்ள எடுத்த ரிப்போர்ட்ட நீங்களே குடுத்தா அதுவும் வேண்டாம்னு விட்டுடணும். வெர்மான்ட்ல அப்ளிகேஷன் ஃபீயே கூடாது. கொலராடோல நீங்க கொண்டுவர்ற ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்ட சில விதிவிலக்கு தவிர ஏத்துக்கணும். மத்த நெறைய எடங்கள்ல 18 வயசுக்கு மேல உள்ள ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஃபீ, புருஷன் பொண்டாட்டினாலும் ரெண்டு, அதுக்கு மேல அட்மின் ஃபீனு ஒண்ணு. எது திரும்ப வரும், எது வராதுனு கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. வீட்ட பாக்கறதுக்கு முன்னாடியே "இந்த லிங்க்ல போய் உங்க ஸ்கோர் எடுத்து அனுப்புங்க, அப்பதான் வீட்ட காட்டுவேன்"னு ஒருத்தர் சொன்னா அங்கயே விட்டுடுங்க. அந்த வீடே இருக்காது, அந்த லிங்க்ல கார்டு நம்பர் போட்டா மாசாமாசம் பணம் போயிட்டே இருக்கும், இல்லனா உங்க சோஷியல் செக்யூரிட்டி நம்பரையே எடுத்துக்குவாங்க. ஊர்ல இருந்துக்கிட்டே வீடு தேடறவங்கதான் இதுல அதிகமா மாட்டறாங்க.

ஸ்கோர் இல்ல, அதுக்கு பதிலா என்ன காட்டறது

ஆஃபர் லெட்டர்ல சம்பளம், சேரற தேதி, ஹெச்ஆர் ஃபோன் நம்பர் இருக்கணும். வேலைக்கு சேந்தாச்சுனா கடைசி ரெண்டு மூணு பே ஸ்டப், அதாவது சம்பள சீட்டு. பேங்க் ஸ்டேட்மென்ட், இங்க உள்ள அக்கவுன்ட்ல பணம் இருந்தா ரொம்ப நல்லது, ஊர் அக்கவுன்ட்னா டாலர் கணக்கு போட்டு பேங்க் லெட்டரா வாங்கிக்கோங்க. ஊர்ல வாடகைக்கு இருந்தவங்க பழைய ஓனர்கிட்டருந்து இங்லீஷ்ல ஒரு லெட்டர், எத்தனை வருஷம் இருந்தாங்க, வாடகை தவறாம வந்துச்சா, அவ்வளவு போதும். இதெல்லாம் ஒரே பிடிஎஃப்ல போட்டு, மேல நாலு வரில "நான் இந்த மாசம் வந்தேன், இங்க கிரெடிட் ஹிஸ்டரி இன்னும் உருவாகல, வருமானம் இவ்வளவு, கூடுதல் டெபாசிட் குடுக்க தயார்"னு எழுதி அனுப்புங்க. கம்ப்யூட்டர் இல்லனு சொன்னத ஒரு மேனேஜர் ஆமானு மாத்தறதுக்கு இந்த பேப்பர்தான் கைகுடுக்கும்.

கூடுதல் டெபாசிட் எல்லா மாநிலத்துலயும் நடக்காது. நியூயார்க்ல ஒரு மாச வாடகைக்கு மேல டெபாசிட்டும் வாங்கக்கூடாது, முன்பணமாவும் வாங்கக்கூடாது, 2019லருந்து. கலிஃபோர்னியாவுல 2024 ஜூலை 1லருந்து ஒரு மாசம்தான், சின்ன ஓனர்களுக்கு மட்டும் ரெண்டு மாசம் வரைக்கும் விட்டிருக்காங்க. நியூ ஜெர்சியில ஒன்றரை மாசம். டெக்ஸஸ்ல மாநில அளவுல உச்சவரம்பு இல்ல. இந்த சட்டம் வாடகைக்காரங்களுக்கு நல்லதுதான், ஆனா கிரெடிட் இல்லாதவங்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, பணம் குடுத்து சரிக்கட்டற வழி அடைஞ்சுபோச்சு, அதனால அங்கெல்லாம் கேரண்டர் கேப்பாங்க. சொந்தக்காரங்க யாராவது கேரண்டரா கையெழுத்து போட்டா அவங்களுக்கு அது என்னன்னு முழுசா சொல்லிடுங்க, நீங்க கட்டலனா அவங்க கட்டணும், அவங்க கிரெடிட்டும் அடிவாங்கும், சித்தப்பா மகன்தானேனு சும்மா கேட்டுடற விஷயம் இல்ல இது. யாரும் இல்லனா இன்ஷ்யூரன்ட், தி கேரண்டர்ஸ் மாதிரி காசு வாங்கிட்டு கேரண்டரா நிக்கற கம்பெனிங்க இருக்கு, ஃபீ கிட்டத்தட்ட ஒரு மாச வாடகை அளவுக்கு வரும், இங்க கிரெடிட் இல்லாதவங்களுக்கு கூடுதலாவும் ஆகலாம், அது திரும்ப வராத பணம். உங்க பில்டிங் எந்த கம்பெனிய ஏத்துக்குதுனு கேட்டுட்டு அப்பறம் போங்க.

டெபாசிட்டுக்கு பதிலா மாசம் கொஞ்சம் கொஞ்சம் கட்டுங்கனு ஒரு திட்டம் சொல்லுவாங்க, கையில காசு இல்லாதப்ப நல்லா தெரியும். அந்த பணமும் திரும்ப வராது, வீட்டுல ஏதாவது சேதம்னா அவங்க ஓனருக்கு குடுத்துட்டு உங்ககிட்டயே வசூல் பண்ணுவாங்க. கையில டெபாசிட் பணம் இருந்தா டெபாசிட்டாவே குடுங்க.

பெரிய கம்பெனி காம்ப்ளெக்ஸ்ல முடியலனா தனி ஓனர் வீடு, காண்டோ, டவுன்ஹோம் பாருங்க. நேர்ல பேசி, பேப்பர காட்டி, புரிய வைக்க முடியும். நம்ம தமிழ் ஆளே ஓனரா இருந்தாலும் லீஸ் எழுத்துல இருக்கணும், டெபாசிட்ட செக்லயோ பேங்க் ட்ரான்ஸ்ஃபர்லயோ குடுக்கணும், பழக்கம் வேற இது வேற.

ஸ்கோர் கெட்டுப்போயிருந்தா

லேட் பேமென்ட், கலெக்ஷன் இதெல்லாம் ரிப்போர்ட்ல ஏழு வருஷம் இருக்கும், சாப்டர் 7 திவால்னா பத்து வருஷம். ஆனா பழசாக பழசாக வலு கொறையும், போன மாசம் லேட் ஆனதுக்கும் நாலு வருஷம் முன்னாடி ஆனதுக்கும் பெரிய வித்தியாசம். மொதல்ல பழைய அபார்ட்மென்ட் பாக்கி ஏதாவது இருந்தா அத முடிங்க, கட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு, கட்டினா "முழுசா கட்டியாச்சு"னு எழுதி தருவாங்களானு எழுத்துல வாங்கிட்டு கட்டுங்க. அப்பறம் கார்டு பேலன்ஸ். ஃபைகோவுல 35 சதவீதம் கரெக்டா கட்டினீங்களாங்கறதுக்கு, 30 சதவீதம் எவ்வளவு கடன் நிக்குதுங்கறதுக்கு. மொதல்ல சொன்னது மாறறதுக்கு வருஷக்கணக்காகும், ரெண்டாவது ஒரு மாசத்துல மாறும், அதனால வீடு தேடறதுக்கு முன்னாடி கையில வர்ற காசு கார்டுக்குத்தான் போகணும், 1,000 டாலர் லிமிட்ல 900 நிக்கறத 200க்கு கொண்டுவந்தா அடுத்த ஸ்டேட்மென்ட்டுக்கு அப்பறம் ஸ்கோர் கண்ணுக்கு தெரியற அளவுக்கு ஏறும். வேலை போனதாலயோ உடம்பு சரியில்லாம போனதாலயோ கெட்டுச்சுனா நாலு வரி லெட்டர், என்ன நடந்துச்சு, எப்ப சரியாச்சு, அதுக்கப்பறம் எல்லாம் ஒழுங்கா கட்டறேன். நீளமா அழுது எழுத வேண்டாம், தேதியும் ஆதாரமும் போதும்.

ரிஜெக்ட் ஆனா சும்மா வந்துடாதீங்க. ரிப்போர்ட்ட வச்சு மறுத்தாலோ, கூடுதல் டெபாசிட் கேட்டாலோ, கேரண்டர் கேட்டாலோ, 1970ல வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி உங்களுக்கு அட்வர்ஸ் ஆக்ஷன் நோட்டீஸ், அதாவது ரிப்போர்ட்ட பாத்து உங்களுக்கு பாதகமா முடிவு எடுத்தோம்ங்கற அறிவிப்பு, குடுக்கணும். எந்த கம்பெனி ரிப்போர்ட்னு அதுல இருக்கும், ஸ்கோர் பாத்திருந்தா அந்த ஸ்கோரும் இருக்கணும், 60 நாளுக்குள்ள கேட்டா அந்த ரிப்போர்ட் உங்களுக்கு இலவசம். அப்ரூவ் ஆயிட்டுதேனு கூடுதல் டெபாசிட் விஷயத்துல இந்த நோட்டீஸ யாரும் கேக்கறதே இல்ல, கேளுங்க, உங்க ஃபைல்ல அடுத்தவங்க கடன் ஏதாவது ஒட்டியிருந்தா இதுலதான் தெரியவரும்.

உள்ள போனதுக்கு அப்பறம்

அடுத்த லீஸுக்குள்ள ஸ்கோர் உருவாக்கிடலாம், கஷ்டமே இல்ல. ஃபைகோ ஸ்கோர் வரணும்னா ஒரு அக்கவுன்டாவது ஆறு மாசம் ஓடியிருக்கணும். 200 டாலர் டெபாசிட் போட்டு ஒரு செக்யூர்ட் கார்டு, அந்த டெபாசிட்ட பிணையா வச்சு குடுக்கற கிரெடிட் கார்டு, அதுல மளிகை, பெட்ரோல் மட்டும், ஆட்டோபே முழு தொகைக்கு போட்டு விட்டுடுங்க, லிமிட்ல 30 சதவீதத்துக்கு மேல நிக்காம பாத்துக்கோங்க. வாடகைய நீங்க ஒழுங்கா கட்டறது தானா பியூரோவுக்கு போறதில்ல, அத தனியா சேக்கணும், கலிஃபோர்னியாவுல 2025 ஏப்ரல் 1லருந்து 15 வீட்டுக்கு மேல உள்ள கட்டடத்துல ஓனரே இந்த வசதிய தர முன்வரணும், மாசம் 10 டாலருக்கு மேல கேக்கக்கூடாது. புது ஸ்கோர் மாடல்லதான் இது கணக்குல வரும், பழைய மாடல்ல வராது, அதனால இதுக்குனு பெரிய செலவு பண்ண வேண்டாம்.

ரூம்மேட்ஸோட எடுக்கறவங்க இத கவனமா படிங்க. நாலு பேர் ஒரே லீஸ்ல கையெழுத்து போட்டா பெரும்பாலும் ஒவ்வொருத்தரும் முழு வாடகைக்கும் பொறுப்பு, கால்வாசிக்கு இல்ல. ஒருத்தர் வேலை மாறி வேற ஊருக்கு போயிட்டாருனா லீஸ்லருந்து அவர் பேர எழுத்துல எடுக்கணும், வாட்ஸ்அப்ல "நான் காலி பண்றேன்டா"னு சொன்னது பத்தாது. என் பழைய ரூம்ல அப்படித்தான் ஆச்சு, எல்லாரும் காலி பண்ணி ஆளுக்கொரு ஊருக்கு போயாச்சு, கார்பெட் மாத்தினதுக்கு வந்த பில் யார் அட்ரஸுக்கும் போகல, அஞ்சு மாசம் கழிச்சு நாலு பேர் ரிப்போர்ட்லயும் கலெக்ஷனா வந்து நின்னுச்சு. 180 டாலர்தான். அதுல ரெண்டு பேருக்கு அடுத்த வீடு ரிஜெக்ட் ஆச்சு.

அதனால காலி பண்ற அன்னைக்கு வீடு முழுக்க வீடியோ எடுங்க, புது அட்ரஸ எழுத்துல குடுங்க, கரன்ட், கேஸ், இன்டர்நெட் கடைசி பில் வந்து கட்டியாச்சானு பாருங்க. டெபாசிட் கணக்கு முடிஞ்சதும் லீஸிங் ஆபீஸ்ல பாக்கி எதுவும் இல்லனு காட்டற ரெசிடென்ட் லெட்ஜர் ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கோங்க, அடுத்த வீட்டு அப்ளிகேஷன் பிடிஎஃப்ல மொத பக்கமா அதையே வைங்க.